நீங்க என்ன ஆளுங்க?

ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவளுக்கு ஊரில் உள்ள எல்லோருடைய சாதியும் தெரியும். பெருமைக்குச் சொல்லவில்லை, என் வயிற்றுப்பாடே அதுதான். கள்ளக்குறிச்சியில் ஆபீஸ்கள் வரிசையாக இருக்கிற தெருவில் என் கடை. காலையில் ஷட்டரைத் தூக்கினால் சாயங்காலம்வரை சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், டி.சி. என் மெஷினின் கண்ணாடிமேல் குப்புறப் படுக்காத சாதியே கிடையாது. அதனால் சாலம்மாளைப் பற்றிச் சொல்ல எனக்குக் கொஞ்சம் தகுதி இருக்கிறது. காலேஜில் அவளும் நானும் ஒரே பெஞ்சு என்பது அதைவிடப் பெரிய தகுதி.

என் பேர் பாப்பாத்தி, தியாகதுருகத்துக்காரி. வீட்டில் கரும்பும் கிணறும் உண்டு. கல்யாணம் ஆகிறவரை சும்மா இருக்க வேண்டாமே என்று என்னை பி.ஏ. வரலாற்றில் சேர்த்துவிட்டார்கள். சாலம்மாள் கல்வராயன்மலைக்காரி. வெள்ளிமலையில் பஸ்ஸைவிட்டு இறங்கி, மரவள்ளிக் கொல்லைகளுக்கு நடுவே வெகுநேரம் நடந்தால் வருகிற சின்ன ஊர். ஒன்றாம் வகுப்பிலிருந்தே ஹாஸ்டல் சோறு தின்று வளர்ந்தவள். சாப்பாட்டை அவசரமாக விழுங்குவாள், சிரிப்பதை மட்டும் நிதானமாகச் சிரிப்பாள். ஓயாமல் கேள்வி கேட்பாள். உங்கள் வீட்டில் மாமனார் மருமகளைப் பேர் சொல்லிக் கூப்பிடுவாரா, சாவு வீட்டுக்குப் போய்விட்டு வந்தால் எந்த வழியாக உள்ளே நுழைவீர்கள், பொங்கலுக்கு முதல் படையல் யாருக்கு என்று உயிரை வாங்குவாள். இவள் என்ன போலீஸா என்று நினைத்திருக்கிறேன். இப்படிக் கேள்வி கேட்பதற்கென்றே யூனிவர்சிட்டியில் ஒரு படிப்பு இருப்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அவளுக்கு அது சின்ன வயதிலேயே தெரியும். அவள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த நாளில், மலைக்கு ஒரு சென்னைக்காரர் இடுக்கிபோல் ஒரு கருவியோடு வந்து ஆண்களை வரிசையாக உட்காரவைத்து மண்டையையும் மூக்கையும் அளந்திருக்கிறார். சாலம்மாளின் அப்பா கொளஞ்சியப்பனையும் அளந்தார். மூக்கை அளந்து என்ன செய்வீர்கள் என்று இவள் கேட்க, இது மானிடவியல் பாப்பா, மனுசனைப் பற்றிய படிப்பு என்றாராம் அவர். அதோடு அவர் போய்விட்டார், அந்தச் சொல் இவளிடம் தங்கிவிட்டது. அப்பாவுக்கோ, மூக்கை அளந்தது வாழ்நாள் பெருமை. கல்யாண வீடுகளில் பேச்சு ஓய்ந்தால், "எங்க மூக்கு மெட்ராஸ்ல எழுதி வெச்சிக்கீது" என்று ஆரம்பித்துவிடுவார்.

சாலம்மாளுக்கு எம்.ஏ. மானிடவியலில் இடம் கிடைத்ததும் ஊருக்குள் ஒரு கூத்து நடந்தது. மானிடவியல் என்றால் மானைப் பற்றிய படிப்பு என்று எவனோ சொல்லிவிட்டான். மான் படிப்பு படித்தால் வேலை எங்கே கிடைக்கும்? காட்டிலாகாவில்தான். அவ்வளவுதான், அவள் லீவுக்கு ஊருக்குப் போனால் நாய்கூட அடக்கமாக நடந்துகொள்ளும். முயல் அடித்தவன் சட்டியை மூடி வைத்துக்கொள்வான். ஒரு கிழவர் அவளைத் தனியாக அழைத்துப்போய், தன் வாழ்நாளில் மான்கறி மோந்ததுகூட இல்லை என்று சத்தியம் செய்தாராம். இதையெல்லாம் சொல்லி நாங்கள் இருவரும் வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறோம்.

சென்னை ஹாஸ்டலில் வேறு கூத்து. அவர்கள் சாதிக்கு அரசாங்கம் வைத்திருக்கிற பெயர் மலையாளி. மலையில் இருக்கிற ஆள், அவ்வளவுதான் அர்த்தம். பேசுவது நம் தமிழ், கேரளத்துக்கும் அவர்களுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ஹாஸ்டல் பெண்கள் விடுவார்களா? எங்கே, மலையாளத்தில் ஏதாவது பேசு என்று பிடித்துக்கொண்டார்கள். தெரியாது என்றால், அப்படியென்றால் நீ எப்படி மலையாளி என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியை அவள் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இந்த இடத்தில் ஒரு சொல்லைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மலைமேல் அவர்கள் ஒருவரை ஒருவர் மலையாளி என்று கூப்பிட்டுக்கொள்வதே கிடையாது. கவுண்டர் என்பார்கள். "வாங்க கவுண்டரே, சோறு துன்னீங்களா" என்பதுதான் அங்கே மரியாதை. மலையாளி என்பது கீழ்நாட்டு வாய். கடுக்காயும் புளியும் சுமந்துகொண்டு சந்தைக்கு இறங்கினால், "ஏ மலையாளி, மூட்டய எறக்குடா" என்று எங்கள் ஆட்கள் அதட்டுகிற சொல் அது. சொந்தச் சாதியின் பெயரே வசவாகக் காதில் விழுந்து வளர்ந்தவர்கள் அவர்கள். கவுண்டர் என்கிற பட்டமோ கீழே வேறு வேறு சாதிக்காரர்களும் வைத்துக்கொள்வது. மலையில் அதை யாரும் யோசிப்பதில்லை, யோசிக்க வேண்டிய தேவையும் இல்லை.

படிப்பு முடிந்ததும் அந்தப் படிப்புக்கு என்ன வேலை என்பது விளங்கிவிட்டது. வேலையே இல்லை என்பதுதான் விளங்கியது. பேராசிரியர் அரங்கநாதன் என்று ஒருவர் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தில் திட்டம் நடத்திக்கொண்டிருந்தார். மலைமக்களைப் பற்றிப் புத்தகம். அதில் ஒப்பந்தக் களப்பணியாளர் என்று சாலம்மாளைச் சேர்த்துக்கொண்டார். தன் ஊருக்கே பேனாவும் பையுமாகப் போய், தன் சித்தப்பனிடமே உங்கள் குலசாமி எது என்று கேட்டுக் குறித்துக்கொண்டு வந்தாள். கரிராமன் கோயிலுக்கு உன்னை நாந்தானே தூக்கிக்கினு போனேன், புத்தி கெட்டுப் போச்சா என்று சித்தப்பன் திட்டினாராம்.

அவர்கள் தங்களைக் கவுண்டர் என்றுதான் சொல்லிக்கொள்கிறார்கள், மலையாளி என்பது மற்றவர்கள் இட்ட பெயர் என்று அவள் உள்ளபடி எழுதிக்கொண்டு போனாள். அரங்கநாதன் அதை அடித்துவிட்டார். "படிக்கிறவங்க குழம்பிடுவாங்கம்மா. கவுண்டர்னா கீழ வேற சாதி. தெளிவா எழுது" என்றார். அடுத்த வருஷத்துக்குத் திட்டம் நீளுமா நீளாதா என்று தெரியாத நேரம். அவர் கையெழுத்து வேண்டும். அவர் சொன்னபடியே தெளிவாக எழுதிக் கொடுத்தாள்: "இம்மக்கள் தங்களை மலையாளி என்றே கூறிக்கொள்வர். வேறு பட்டம் எதுவும் இவர்களிடையே வழங்குவதில்லை." புத்தகம் வந்தது. அட்டையில் அரங்கநாதன் பெயர். முன்னுரையில் உள்ளூர் நண்பர்களுக்கு நன்றி. அந்த உள்ளூர் நண்பர் இவள்தான்.

அதன் பிறகு ஆறு மாதத் திட்டம், மூன்று மாதத் திட்டம், நடுவில் ஒன்றும் இல்லாத காலம் என்று அலைந்தாள். திருமணப் பேச்சு வந்தது, போனது. அம்மா இறந்தாள். படித்த பெண் கொல்லையில் களை எடுப்பதை ஊர் பார்த்தது. அவளோடு படித்து ஒன்றுக்கும் உதவாமல் போன நானே கடைக்கு முதலாளியாக இருந்தேன். என்னைவிட நூறு மடங்கு கெட்டிக்காரி, என் கடை ஸ்டூலில் உட்கார்ந்து வேலைவாய்ப்பு விளம்பரங்களைத் தேடிக்கொண்டிருப்பாள். டீ வாங்கிக் கொடுத்தால், அடுத்த தடவை ஒரு பை சாமை கொண்டு வந்து வைத்துவிடுவாள். பார்க்க எனக்கு ஆத்திரமாக வரும். யார்மேல் என்றுதான் தெரியாது.

வயது வரம்பு முடியப்போகிற நேரத்தில் கதவு திறந்தது. அரசாங்க அருங்காட்சியகம் ஒன்றில் மானிடவியல் பிரிவுக்குக் காப்பாட்சியர் பணியிடம். பழங்குடியினருக்கு ஒதுக்கிய ஓர் இடம். தேர்வு எழுதினாள், தேர்வானாள். கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிற ஈட்டிக்கும் கூடைக்கும் சரியான பெயர் எழுதி வைக்கப்போகிறேன் என்றாள். அவள் நிதானமாகச் சிரிக்கிற அந்தச் சிரிப்பை அன்று கடைசியாகப் பார்த்தேன்.

நியமனத்துக்கு முன்னால் ஒரே ஒரு சடங்கு பாக்கி. சாதிச் சான்றிதழ் மெய்யானதுதானா என்று ஒரு குழு விசாரிக்கும். பொய்ச் சான்றிதழ் கொடுத்து மலைமக்களின் இடத்தைத் தட்டிப் பறிக்கிறவர்கள் உண்டு, அவர்களைப் பிடிக்கத்தான் இந்த ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். குழுவில் மானிடவியல் தெரிந்த ஒருவரும் இருப்பார் என்றார்கள். அப்படியானால் பயமே இல்லை, நம்ம படிப்புக்காரர் என்றாள் சாலம்மாள்.

அப்பாவையும் அழைத்து வரச் சொல்லியிருந்தார்கள். ஒரு வாரமாக அவள் அவரைத் தயார் செய்தாள். அவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியவை இரண்டே. ஒன்று, கேட்டால் மலையாளி என்று சொல்ல வேண்டும். இரண்டாவது, அதிகாரிகள் முன்னால் தோளிலுள்ள துண்டை எடுத்து இடுப்பில் கட்டக் கூடாது. அந்தக் காலத்திலிருந்து பெரிய மனிதர்களைக் கண்டால் அவர் கை தானாகத் துண்டுக்குப் போகும். இவளுக்கு அது பிடிக்கவே பிடிக்காது. "நிமுந்து நில்லுப்பா. நாம இன்னா தப்பு பண்ணோம்" என்றாள். அவரும் தலையாட்டினார். கச்சிராயபாளையம் தாண்டி டவுன் வரும்வரை பஸ்ஸிலேயே அவர் மலையாளி, மலையாளி என்று முணுமுணுத்துக்கொண்டு வந்ததாகச் சொன்னாள்.

அன்று கடையைப் பூட்டிவிட்டு நானும் கூடப் போனேன். அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கதவு திறந்தே கிடந்தது. உள்ளே மூன்று பேர். கடுமையான ஆட்கள் என்று சொல்ல மாட்டேன். நடுவில் இருந்தவர் கண்ணாடி போட்ட, சாந்தமான மனிதர். அவர்தான் மானிடவியல்.

முதலில் சாலம்மாளைக் கேட்டார்கள். கல்யாணத்தில் பரிசம் யார் யாருக்குக் கொடுப்பார்கள், சாவுக்கு என்ன செய்வார்கள், திருவிழா எப்போது, எந்த வகையறாவில் பெண் எடுக்க மாட்டார்கள். எல்லாவற்றுக்கும் கோத்தாற்போல் பதில் சொன்னாள். நான் வெளியே உட்கார்ந்து மனசுக்குள் மார்க் போட்டுக்கொண்டிருந்தேன். கண்ணாடிக்காரர் கேட்டு முடித்துவிட்டுத் தாளைப் புரட்டினார்.

"எம்.ஏ. மானிடவியலாம்மா?"

"ஆமாங்க சார்."

"அப்ப இதெல்லாம் படிச்சதுதானே. படிச்சா நானும் சொல்வேன். நானும் மலையாளி ஆயிடுவேனா?"

அவர் கேலியாகக் கேட்கவில்லை, நிஜமாகவே சந்தேகப்பட்டார். தெரியாமல் விழித்திருந்தால் பொய் என்பார்கள். தெரிந்து சொன்னதால் படிப்பு என்றார்கள். அவள் எந்தப் பக்கம் போயிருக்க வேண்டும் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. பெரியவரைக் கூப்பிடுங்கள், அவர்தான் படிக்காதவர், அவர் சொன்னால் சரியாக இருக்கும் என்றார் பக்கத்தில் இருந்தவர்.

கொளஞ்சியப்பன் போய் நின்றார். கை துண்டுக்குப் போனது. மகளைப் பார்த்தார். கையைக் கீழே விட்டுவிட்டு நிமிர்ந்து நின்றார். கண்ணாடிக்காரர் எழுந்து ஒரு நாற்காலியைக் காட்டினார். அவர் வாழ்க்கையில் ஓர் அதிகாரி நாற்காலி காட்டியது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

"உக்காருங்க ஐயா. நீங்க என்ன ஆளுங்க?"

பெரியவர் உட்காரவில்லை. தோளில் துண்டோடு, நெஞ்சை நிமிர்த்தி, பெண் கேட்டு வந்த சம்பந்திக்குப் பதில் சொல்கிற குரலில் சொன்னார்.

"கவுண்டருங்க."

அந்த மனிதர் மட்டும் யாருடா நீ என்று அதட்டியிருந்தால் சரியான பதில் வந்திருக்கும். மரியாதையாகக் கேட்டார், இவரும் மரியாதையான பதிலைச் சொன்னார். சாலம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவள்தான் முதலில் பேசினாள். மலையில் அப்படித்தான் சொல்லிக்கொள்வார்கள், அது பட்டம், மரியாதைக்குச் சொல்வது என்று படபடவென்று விளக்கினாள். கண்ணாடிக்காரர் பொறுமையாகக் கேட்டார். மேஜைமேல் இருந்த ஒரு புத்தகத்தை எடுத்து, அடையாளம் வைத்திருந்த பக்கத்தைப் பிரித்து நிறுத்தி வாசித்தார். இம்மக்கள் தங்களை மலையாளி என்றே கூறிக்கொள்வர். வேறு பட்டம் எதுவும் இவர்களிடையே வழங்குவதில்லை.

"அந்த வரிய எழுதுனது நாந்தாங்க சார்" என்றாள் சாலம்மாள்.

அவர் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். அவளைப் பார்த்தார். அரங்கநாதன் என்று போட்டிருக்கிறதே என்றார். அவள் களப்பணி, திட்டம், அவர் திருத்தியது என்று என்னென்னவோ சொன்னாள். சொல்லச் சொல்ல அது பொய்போலவே கேட்டது, வெளியே உட்கார்ந்திருந்த எனக்குக்கூட. அப்படியானால் தெரிந்தே தப்பாக எழுதினீர்களா, இல்லை இப்போது தப்பாகச் சொல்கிறீர்களா என்று கேட்டார்.

பெரியவருக்கு என்னவோ கெட்டுப்போய்விட்டது என்று மட்டும் புரிந்தது. ஓர் அடி முன்னால் வந்து முகத்தை நீட்டினார்.

"மூக்க அளந்து பாருங்க சாமி. முன்ன அளந்தாங்களே, மெட்ராஸ்ல இருக்கும். அதான் இது."

யாரும் சிரிக்கவில்லை. அப்படியெல்லாம் இப்போது செய்வதில்லை ஐயா, நீங்கள் போகலாம் என்றார்கள். நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.

வெளியே வந்ததும் அவர் மகளிடம் கேட்டது எனக்கு இன்னமும் காதில் நிற்கிறது. "நா தப்பா சொல்ட்டனா?" அவள் அவர் துண்டைச் சரிசெய்து விட்டாள். "நீ சரியாத்தாம்பா சொன்ன. நாந்தான் தப்பா எழுதிட்டேன்." அவருக்கு அது விளங்கவில்லை. மகளுக்குத் தன்னால்தான் கேடு வந்தது என்பது மட்டும் விளங்கியிருந்தது.

அரங்கநாதனுக்கு என் கடையிலிருந்தே போன் செய்தாள். முதல் தடவை, பார்க்கிறேன் அம்மா என்றார். இரண்டாவது தடவை, எந்தப் புத்தகம் என்று கேட்டார். பிறகு போனை எடுக்கவேயில்லை. ஊரிலிருந்து எத்தனையோ பேரைச் சாட்சிக்கு அழைத்து வரத் தயாராக இருந்தாள். அவர்களும் வந்தால் கவுண்டர் என்றுதான் சொல்வார்கள். தேவைப்பட்டால் மறுபடி கூப்பிடுவோம் என்று ஆபீசில் சொல்லியிருந்தார்கள். அந்த ஒரு பேச்சைப் பிடித்துக்கொண்டு அப்பாவும் மகளும் காத்திருந்தார்கள்.

அவளுடைய ஊருக்குத் தபால் ஒழுங்காகப் போகாது என்பதால் என் கடை விலாசத்தைக் கொடுத்திருந்தாள். உத்தரவு என் கைக்குத்தான் வந்தது. பழங்குடித் தன்மை மெய்ப்பிக்கப்படவில்லை. நியமனம் இல்லை. சான்றிதழை ரத்து செய்யவும், அதைக் காட்டி இதுவரை பெற்ற சலுகைகள் குறித்து நடவடிக்கை எடுக்கவும் பரிந்துரை. ஒன்றாம் வகுப்பு ஹாஸ்டல் சோற்றிலிருந்து எம்.ஏ. வரை அவள் தின்றது படித்தது எல்லாமே திருட்டு என்று அர்த்தம். தினமும் ஆயிரம் தாளைப் பார்க்கிற நான் அந்த ஒரு தாளைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

நானே எடுத்துக்கொண்டு மலைக்குப் போனேன். கோமுகி அணையைத் தாண்டி பஸ் மலை ஏறும்போது, பாதியில் இறங்கித் திரும்பிவிடலாமா என்றுகூட இருந்தது. சாலம்மாள் கொல்லையில் மரவள்ளி பிடுங்கிக்கொண்டிருந்தாள். மண் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு வாங்கிப் படித்தாள். அழவில்லை. கோர்ட்டுக்குப் போகலாம், எனக்குத் தெரிந்த வக்கீல் இருக்கிறார் என்றேன். "கோர்ட்டுலயும் அந்த புக்கத்தான்டி காட்டுவாங்க" என்றாள். தாளை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். அப்பாவிடம் மட்டும் சொல்லாதே, செத்துப்போய்விடுவார் என்றாள்.

வீட்டுக்கு நடந்தோம். எதிரில் வந்த ஒருவர் வேலியோரம் நின்றிருந்த பெரியவரைப் பார்த்து, இன்னா கவுண்டரே என்று குரல் கொடுத்தார். கொளஞ்சியப்பன் திரும்பவில்லை. இப்போதெல்லாம் அப்படித்தானாம். அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் காது கேட்காதவர்போல் இருந்துவிடுகிறார். என்னைக் கவுண்டன் என்று எவனும் கூப்பிடாதே என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். பெண்ணைப் படிக்கவைத்ததில் ஆளுக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று ஊர் பேசிக்கொள்கிறது.

என்னைக் கண்டதும் முகம் மலர்ந்து ஓடி வந்தார். டவுனிலிருந்து வந்தால் சேதியோடுதான் வந்திருப்பேன் என்று நினைத்துவிட்டார்.

"கூப்புட்டாங்களாம்மா?"

நான் சாலம்மாளைப் பார்த்தேன். "கூப்புடுவாங்கப்பா" என்றாள் அவள்.

"இந்த தபா தப்பு வராது. பாப்பாத்தி முன்னாடி கேளு. அவுங்க கேட்டாப்லயே கேளு."

வேண்டாம் என்றாள். அவர் விடவில்லை. வாசலில் கிடந்த மரப்பலகையைத் துடைத்து அவளை உட்காரவைத்தார். தினமும் இந்த ஒத்திகை நடக்கிறது போலிருக்கிறது. இடுப்பில் உத்தரவு செருகியிருக்க அவள் அதிகாரியாக உட்கார்ந்தாள்.

"நீங்க என்ன ஆளுங்க?"

அவர் தோளிலிருந்த துண்டை எடுத்தார். இடுப்பில் இறுக்கிக் கட்டினார். குனிந்து, கைகளை மார்போடு சேர்த்துக்கொண்டார். சந்தையில் மூட்டை இறக்குகிறவனின் குரல் வந்தது.

"மலையாளிங்க சாமி."

பிறகு நிமிர்ந்து, சரியாகச் சொன்னேனா என்று மகளின் முகத்தைப் பார்த்தார்.

"சரிங்க" என்றாள் சாலம்மாள். "நீங்க போலாம்."